குழல்விளக்கின் கீழே பூச்செடி: வீட்டுக்குள் வளர்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுக்குள் பூச்செடி வளர்க்க விரும்புகிறவர்களில் பலர் முதலில் விளக்கை வாங்கிவிடுகிறார்கள். அதன் கீழே எந்தச் செடியை வைப்பது என்று பிறகுதான் யோசிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. டியூப்லைட் என்று நாம் சொல்லும் குழல்விளக்கு, சில செடிகளை ஆண்டு முழுவதும் பூக்க வைக்கக்கூடியது. வேறு சில செடிகளை எத்தனை குழல் மாட்டினாலும் மொட்டுக்கூட விட வைக்காது. ஆகவே உங்கள் செடி எவ்வளவு வெளிச்சம் கேட்கிறது, எத்தனை மணி நேரம் கேட்கிறது, எத்தனை மணி நேரம் இருட்டைக் கேட்கிறது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு, அதன்பிறகு குழலுக்கு வருவதே முறை.

செடியிலிருந்து தொடங்குங்கள்

நடுப்பகலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவே லக்ஸ்). ஒரு பலகைக்கு மேலே இரண்டு குழல்களைக் கட்டினால் கிடைப்பது 6,000 முதல் 9,000 லக்ஸ் வரைதான். இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகளைத் தவிர்த்துவிடலாம். ரோஜா, மல்லிகை, காகிதப்பூ, செம்பருத்தி ஆகியவை வெயிலுக்கென்றே பிறந்தவை. குழல்விளக்கின் கீழே அவை இலையாக மட்டும் நீண்டுகொண்டு போகும். அவற்றை மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ விட்டுவிடுவதே நல்லது.

குழல்விளக்குக்கு ஏற்றவை, இயற்கையில் மரநிழலிலும் பாறை இடுக்கிலும் வாழ்ந்து பழகியவை. அவற்றில் முதலிடம் ஆப்பிரிக்க வயலட்டுக்கு. தான்சானியாவின் உசம்பரா மலைப்பகுதியைச் சேர்ந்த இச்செடியை 1892-ஆம் ஆண்டு வால்டர் வான் செயின்ட் பால் என்ற ஜெர்மானிய அதிகாரி அங்கே கண்டு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் பெயரே நெடுங்காலம் அதன் அறிவியல் பெயராக இருந்தது. ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கிவிடும் என்பதாலும், பகலின் நீளம் குறித்து அதற்கு எந்தப் பிடிவாதமும் இல்லை என்பதாலும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அடுத்து கலஞ்சோ, ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், குட்டை வகைச் சாமந்தி ஆகியவற்றை முயலலாம். இவற்றில் கலஞ்சோவும் சாமந்தியும் நீண்ட இரவு கேட்கும் செடிகள். அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

குழலின் மேல் அச்சிட்ட எழுத்தைப் படிப்பது

குழலின் ஒரு முனையில், உலோக மூடிக்கு அருகே, சிறிய எழுத்தில் சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். குழலைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, அந்த எண்களைப் படித்த பிறகே வாங்கும் முடிவுக்கு வர வேண்டும்.

டி12, டி8, டி5 என்பவை குழலின் பருமனைச் சொல்பவை. ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் எத்தனை பங்கு என்பதே அந்த எண்: டி12 என்பது 38 மில்லிமீட்டர், டி8 என்பது 26, டி5 என்பது 16. நான்கடி டி8 குழல் பெரும்பாலும் 36 வாட். டி5-இல் ஒரே நீளத்தில் இரண்டு வகைகள் உண்டு: 28 வாட் வகை சிக்கனமானது, 54 வாட் வகை கூடுதல் வெளிச்சம் தருவது. இரண்டும் 1149 மில்லிமீட்டர் நீளம் என்பதால் ஒன்றின் பட்டியில், அதாவது குழலை மாட்டும் சட்டத்தில், மற்றொன்று பொருந்திவிடும். ஆனால் உள்ளே இருக்கும் மின்னணுச் சோக் வேறு வேறு. ஆகவே பட்டியில் எழுதியிருக்கும் வாட்டைப் பார்க்காமல் குழலை மாற்றக் கூடாது.

அடுத்து வருவது மூன்று இலக்க எண்: 827, 830, 840, 865 என்று இருக்கும். முதல் இலக்கமான 8, அக்குழல் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான தரம். அடுத்த இரண்டு இலக்கங்களோடு இரண்டு சுழியைச் சேர்த்தால் ஒளியின் நிறவெப்பநிலை கெல்வினில் கிடைக்கும். 830 என்றால் 3000 கெல்வின், மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். 865 என்றால் 6500 கெல்வின், நீலம் சாய்ந்த வெண்மை. 640, 765 என்று 6 அல்லது 7-இல் தொடங்கும் எண்ணைப் பார்த்தால் அது பழைய வகைப் பூச்சுக் குழல் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேறுபாடு சிறியதன்று: 36 வாட் டி8 குழலில் 765 வகை ஏறத்தாழ 2500 லூமன் (குழல் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு) தரும்போது, 840 வகை 3350 லூமன் வரை தருகிறது. மின்செலவு ஒன்றே, வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

இதன் காரணம் குழலின் உள்ளே இருக்கும் பூச்சு. குழலில் உள்ள பாதரச ஆவி மின்சாரம் பாயும்போது 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. கண்ணாடியின் உட்பக்கத்தில் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. 8-இல் தொடங்கும் குழல்களில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பொடிகள் கலந்திருக்கின்றன. செடிக்கு நீலமும் சிவப்பும் மிகவும் பயன்படுபவை என்பதால் இந்த மூவண்ணப் பூச்சு நமக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது.

எந்த நிறம்?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். பூக்க வேண்டுமானால் சிவப்பு ஒளி, இலை வளர வேண்டுமானால் நீல ஒளி என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவு தப்பிய உண்மை. நீலம் கூடினால் செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் நிற்கும். சிவப்பு கூடினால் சற்று நீளும், ஒளிச்சேர்க்கைக்குச் சிவப்பு நன்றாகவே பயன்படும். ஆனால் 830 குழலுக்கும் 865 குழலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் காட்டிலும், குழலை இலைக்கு 20 சென்டிமீட்டரில் வைப்பதற்கும் 45 சென்டிமீட்டரில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. என் கருத்தில், இரட்டைக் குழல் பட்டியானால் ஒன்று 830, ஒன்று 865 என்று கலந்து மாட்டலாம். அந்தக் கவலை வேண்டாம் என்றால் இரண்டும் 840 ஆக இருக்கட்டும்.

செடிக்கென்றே விற்கப்படும் இளஞ்சிவப்புக் குழல்களால் கெடுதல் எதுவும் இல்லை. ஆயினும் அந்த வெளிச்சத்தில் எல்லா இலையும் செழிப்பாகவே தோன்றும். இலையின் நரம்புகளுக்கு இடையே வெளிறத் தொடங்குவதும், இலைக்கு அடியில் மாவுப்பூச்சி ஒட்டியிருப்பதும் நாள் கடந்தே கண்ணில் படும். செடியைத் தினமும் உற்றுப் பார்க்கிறவர்களுக்கு வெண்ணிற ஒளியே உதவும்.

எத்தனை குழல் வேண்டும் என்று கணக்கிடுவது

லூமனும் லக்ஸும் மனிதக் கண்ணுக்கான அளவுகள். செடி 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை எண்ணிக்கையாக வாங்குகிறது; அதை ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று அளக்கிறார்கள். அதற்கான கருவி எல்லோரிடமும் இருக்காது. வெண்ணிறக் குழல்விளக்குக்கு லக்ஸை ஏறத்தாழ 75-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கிடைத்துவிடும் என்பதால் லக்ஸ் அளவே நமக்குப் போதும். அந்த எண்ணை விளக்கு எரியும் மணிகளாலும், பிறகு 0.0036-ஆலும் பெருக்கினால் செடி ஒரு நாளில் வாங்கும் மொத்த ஒளி மோல் கணக்கில் வரும்.

120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 0.54 சதுர மீட்டர். மேலே 840 வகை 36 வாட் குழல் இரண்டு. மொத்தம் 6700 லூமன். மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் சிதறிப் போவது போகப் பாதிதான் பலகைக்கு வந்து சேரும் என்று வைத்தால், 3350 லூமனை 0.54-ஆல் வகுக்க, சராசரியாக 6200 லக்ஸ். 75-ஆல் வகுத்தால் 83 மைக்ரோமோல். பதினான்கு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 4 மோலுக்குச் சற்று மேல். ஆப்பிரிக்க வயலட் பூப்பதற்கு இது போதும். ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டுக்கும், எரியும் நேரத்தைக் குறைக்க வேண்டிய கலஞ்சோவுக்கும் அதே பலகையில் நான்கு குழல் வேண்டும்; அல்லது 54 வாட் டி5 குழல் மூன்று வேண்டும்.

கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. அவை காட்டும் எண் முற்றிலும் துல்லியம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே கைப்பேசியால் பலகையின் நடுவிலும் ஓரத்திலும் அளந்து ஒப்பிட்டுப் பார்க்க அவை மிகவும் பயன்படும். இலை இருக்கும் உயரத்தில், திரைப்பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து அளக்க வேண்டும்.

சுருள் வடிவச் சி.எஃப்.எல். விளக்குகளைப் பற்றியும் கேட்பார்கள். ஒரே ஒரு தொட்டிக்கு அது சரி; ஹோல்டரில் திருகினால் வேலை முடிந்தது. ஒரு வரிசைத் தொட்டிகளுக்கு அது ஏற்றதன்று, ஏனென்றால் சுருளின் உட்பக்கம் வெளியிடும் ஒளியில் ஒரு பகுதி அந்தச் சுருளிலேயே தடைபட்டு வீணாகிறது; மேலும் ஒளி ஒரே புள்ளியிலிருந்து வருவதுபோல் வருவதால் நடுத்தொட்டிக்கு மிகுதியும் ஓரத்தொட்டிக்குக் குறைவும் ஆகிவிடும். நீளக் குழல் தன் நீளம் முழுவதும் ஒளியைப் பரப்புகிறது. அதற்கு இணை வேறில்லை.

மாட்டுவது

சோக், ஸ்டார்ட்டர் உள்ள பழைய பட்டியும் எரியும்; செடிக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் அந்தச் சோக் மட்டுமே எட்டுப் பத்து வாட் மின்சாரத்தை வெப்பமாக்கிவிடும். மின்னணுச் சோக்கில் அந்த இழப்பு மிகக் குறைவு. வெளிச்சம் துடிப்பதும் இராது; குழலும் நீண்ட நாள் உழைக்கும். தினமும் பதினான்கு மணி நேரம் எரியப்போகிற விளக்கு என்பதால் இந்த வேறுபாட்டுக்கு மதிப்புண்டு.

பட்டியை நேராகப் பலகையில் திருகிவிடாமல், இரு முனைகளிலும் சங்கிலி கட்டித் தொங்கவிடுங்கள். செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றலாம். ஆப்பிரிக்க வயலட்டின் இலைக்கும் குழலுக்கும் இடையே 20 முதல் 30 சென்டிமீட்டர் போதுமானது. கலஞ்சோவுக்கு 15 சென்டிமீட்டர் வரை இறக்கலாம். குழலுக்கு மேலே வெள்ளைப் பூச்சுத் தகடு இருக்கட்டும். பலகையின் பக்கங்களையும் வெள்ளையாக்கினால் ஓரத்துத் தொட்டிகளுக்கு வெளிச்சம் கூடும். கண்ணாடி போலப் பளபளப்பது நல்லது என்று சிலர் கசங்கிய அலுமினியத் தாளை ஒட்டுகிறார்கள். மங்கலான வெள்ளைப் பூச்சு ஒளியைச் சீராகப் பரப்பும். எளிதில் துடைக்கவும் முடியும்.

என் பலகையில் பன்னிரண்டு வயலட் தொட்டிகளை ஒரே வரிசையாக அடுக்கியிருந்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு நடுவில் இருந்த ஆறு தொட்டிகளில் மொட்டுகள் கொத்தாக எழும்பியிருந்தன. இரு முனைகளிலும் இருந்தவற்றில் இலைகள் மட்டுமே. எல்லாவற்றுக்கும் ஒரே மண், ஒரே உரம், ஒரே நாளில் தண்ணீர். குழலின் முனைப்பகுதி நடுப்பகுதியைக் காட்டிலும் மங்கல் என்பதோடு, நடுவில் உள்ள செடிக்கு இரு பக்கத்திலிருந்தும் ஒளி வருகிறது. முனையில் உள்ள செடிக்கு ஒரு பக்கம்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை தொட்டிகளை இடம் மாற்றுகிறேன்; பூத்து முடித்தவற்றை முனைக்குத் தள்ளி, மொட்டுக்கட்டும் பருவத்தில் இருப்பவற்றை நடுவுக்குக் கொண்டுவருகிறேன்.

மின்சாரமும் தண்ணீரும் ஒரே பலகையில் இருக்கின்றன என்பதை ஒருநாளும் மறக்கக் கூடாது. மின்கம்பி, பிளக்குக்குச் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறுமாறு இருந்தால், கம்பி வழியே வடியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தண்ணீர் தெளிப்பதற்கு முன் விளக்கை அணைத்துவிடுங்கள். எர்த் இணைப்பு இல்லாத இடத்தில் இரும்புப் பலகையில் பட்டியைக் கட்ட வேண்டாம்.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். டி8 குழல் 25 டிகிரி செல்சியஸ் சூழலிலும், டி5 குழல் 35 டிகிரி சூழலிலும் முழு வெளிச்சம் தரும்படி உருவாக்கப்பட்டவை. கதவு மூடிய அலமாரிக்குள் நான்கு குழல்கள் எரிந்தால் செடிக்குத்தான் முதலில் மூச்சுமுட்டும். ஒரு சிறிய மின்விசிறி காற்றை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தால் போதும். ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். சில வாரங்களுக்கு வெப்பம் 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அது பூந்தண்டு விடும். வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் சூடு குறையாத அறையில் அது இலையாகவே நிற்கும்.

இருட்டும் ஒரு தேவை

1920-ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு புகையிலை வகையைப் பற்றி எழுதினார்கள். கோடையில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காத அந்தச் செடி, பகலைக் குறைத்து இருட்டில் வைத்ததும் பூத்தது. பகலின் நீளமே சில செடிகளின் பூப்பைத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்டது. 1938-இல் ஹாம்னர், போனர் இருவரும் மருளூமத்தைச் செடியைக் கொண்டு இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் வெளிச்சம் காட்டினாலே அச்செடி பூக்காமல் போயிற்று. அது அளந்துகொண்டிருந்தது பகலை அன்று, இடையறாத இரவை.

கலஞ்சோவும் சாமந்தியும் பாயின்செட்டியாவும் இந்த இனம். கலஞ்சோவுக்கு நாளொன்றுக்கு 14 மணி நேரம் முழு இருட்டு, ஏறத்தாழ ஆறு வாரம் தொடர்ந்து வேண்டும். ஆகவே விளக்கு எரிவது 10 மணி நேரம்தான்; அதனால்தான் அதற்குக் குழல்களின் எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னேன். கையால் போட்டு அணைக்கும் விளக்கில் ஒருநாள் ஏழு மணி, மறுநாள் பத்து மணி என்று ஆகிவிடும். டைமர் இல்லாமல் இந்தச் செடிகளை எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

இருட்டு என்றால் நம் கண்ணுக்குப் பழகிய இருட்டன்று. விளக்கு அணைந்த பிறகு அலமாரிக்கு முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கதவின் இடுக்கில் கூடத்து வெளிச்சம் கோடு போல் விழுகிறதா, தெருவிளக்கு சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். கோடு விழும் இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிட வேண்டும். இரவில் செடியைப் பார்க்கும் ஆசையில் கதவைத் திறந்து விளக்கைப் போடுகிறவர்களுக்குத்தான் கலஞ்சோ பூப்பதே இல்லை.

ஆப்பிரிக்க வயலட்டுக்கு இத்தகைய கட்டாயம் இல்லை. 12 முதல் 14 மணி நேரம் வெளிச்சம் கொடுத்து, மீதி நேரம் ஓய்வு கொடுத்தால் போதும். வெளிச்சம் குறைவாக இருந்தால் 16 மணி வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இலை சொல்வதைக் கேட்பது

கணக்கெல்லாம் தொடக்கத்துக்குத்தான்; பிறகு இலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வயலட்டின் இலைக்காம்புகள் நீண்டு, இலைகள் கைகூப்புவதுபோல் மேலே எழுந்தால் வெளிச்சம் போதவில்லை. குழலை ஐந்து சென்டிமீட்டர் இறக்குங்கள் அல்லது நேரத்தை ஒரு மணி கூட்டுங்கள். இலைகள் தொட்டியின் விளிம்பைத் தழுவிக் கீழ்நோக்கி வளைந்து, நடுக்குருத்து இறுகிக் கெட்டிப்பட்டு, பச்சை வெளிறினால் வெளிச்சம் மிகுதி. தட்டு வைத்ததுபோல் இலைகள் கிடையாகப் பரந்து நின்றால் அதுதான் சரியான அளவு. ஒரு மாற்றத்தைச் செய்தபின் மூன்று வாரமாவது காத்திருக்க வேண்டும். நாளுக்கு ஒருமுறை குழலை ஏற்றி இறக்கினால் எது காரணம் என்று ஒருபோதும் தெரியாது.

பழைய குழலும் புதிய குழலும்

குழல் எரிகிறது என்பதாலேயே அது முன்போல் ஒளி தருகிறது என்று கொள்ள முடியாது. பூச்சு நாளடைவில் தேய்கிறது. நம் கண் அதற்குப் பழகிவிடுகிறது. குழலின் மேல் படியும் தூசியும் சேர்ந்துகொள்ளும். மாதம் ஒருமுறை விளக்கை அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். புதுக் குழல் மாட்டிய தேதியைப் பட்டியின் ஓரத்தில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். பழைய பூச்சுக் குழலை ஆண்டுக்கு ஒருமுறையும், மூவண்ணக் குழலை ஒன்றரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் திடீரென்று கூடும் வெளிச்சத்தில் இலைகள் வெளிறிவிடும். ஒரு குழலை மாற்றி, ஒரு மாதம் கழித்து அடுத்ததை மாற்றுங்கள்.

ஒவ்வொரு குழலிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. குழல் உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே இருந்துவிட்டு, கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, நுண்துகள்களை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைப்பத்தாலும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தாலும் பெருக்கினால் பாதரசம் காற்றில் பரவும். தொட்டி மண்ணில் துண்டு விழுந்திருந்தால் மேல்மண்ணை நீக்கிவிடுங்கள். தேய்ந்த குழல்களை மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

இந்தப் பாதரசத்தின் காரணமாகவே குழல்விளக்கின் காலம் முடிந்துகொண்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் டி5, டி8 குழல்களை 2023 ஆகஸ்டிலிருந்து சந்தைக்கு வரவிடுவதில்லை. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் அதே ஆண்டு கூடி, பொதுப் பயன்பாட்டுக்கான பழைய பூச்சுக் குழல்களை 2026-க்குள்ளும் மூவண்ணக் குழல்களை 2027-க்குள்ளும் நிறுத்துவதென முடிவு செய்தன. ஆகவே வீட்டில் நல்ல பட்டி ஏற்கெனவே இருப்பவர்கள் தயங்காமல் அதைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் புதிதாக வாங்கப்போகிறவர்கள் அதே நீளத்து எல்.இ.டி. குழலை வாங்குவதே அறிவுடைமை. உயரம், நேரம், இருட்டு, இடமாற்றம் என்று இதுவரை சொன்னவை அதற்கும் பெரும்பாலும் பொருந்தும். எல்.இ.டி. குழலைப் பழைய பட்டியில் மாட்டும்போது மட்டும் சோக்கை நீக்க வேண்டுமா என்பதைக் குழலின் உறையில் படித்து, மின்பணியாளரைக் கொண்டு மாற்றுங்கள்.

மொட்டு வந்த பிறகு செய்ய வேண்டியது குறைவு. வயலட்டில் முதல் மொட்டு இலைக்காம்பின் அடியில், ரோமம் போர்த்திய கடுகு அளவில் தெரியும். அதைப் பார்த்த நாளிலிருந்து தொட்டியை நடுவிலேயே வைத்திருங்கள். கலஞ்சோவில் மொட்டுகள் நன்றாகத் திரண்டு நிறம் காட்டத் தொடங்கிவிட்டால் நீண்ட இரவு தேவையில்லை. அலமாரியிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்துவிடலாம், பூக்கள் அங்கேயே விரிந்து பல வாரம் நிற்கும்.